மேட்டுச்சாளையில் ஒரு தெளிவுத் தொட்டி

மே 6, திங்கள்

அமராவதிக் கரைக் குடிநீர்த் திட்டத்தின் சுத்திகரிப்பு நிலையத்துக்கு இட அமைப்பு வரைபடம் போடும் வேலை இன்று என்னிடம் வந்தது. செயற்பொறியாளர் ஜெயசீலன் சார் கோப்பை என் மேசையில் வைத்து, ஜூன் கடைசிக்குள் மேலே போக வேண்டும், லோகநாதன், நீங்கள் போட்டால்தான் கோடு நேராக இருக்கும் என்றார். பக்கத்து மேசையில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

சுத்திகரிப்பு நிலையத்தில் மர்மம் ஒன்றும் இல்லை. ஆற்று நீரை ஒரு முறை மேலே ஏற்றிவிட்டால் பிறகு அது தானாக இறங்கிவர வேண்டும். தெளிவுத் தொட்டியில் மண் படியும், மணல் வடிகட்டியில் வடியும், குளோரின் கலக்கும், கடைசியில் தரையடித் தொட்டிக்கு வந்து சேரும். எதை எங்கே வைப்பது என்று முடிவு செய்வதுதான் என் வேலை.

இடம் ஒன்பது ஏக்கர் புறம்போக்கு. மேற்கே மேடு. கிழக்கே ஆற்றை நோக்கிச் சரிவு. மேட்டின் மேல் மேட்டுச்சாளை என்று பதினான்கு வீடுகள். கோப்பில் அந்தப் பெயரைப் பார்த்ததும், வேறு யாரிடமாவது கொடுங்கள் சார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மே 7, செவ்வாய்

அப்பாவுக்குக் கண் சொட்டு மருந்து வாங்கினேன். சிலிண்டர் வந்தது. ஸ்கூட்டருக்கு பிரேக் வயர் மாற்ற வேண்டும்.

மே 9, வியாழன்

அளவெடுக்கப் போனோம். சர்வேயர் இஸ்மாயில், கம்பு பிடிக்க இரண்டு ஆட்கள், நான். வெயில் ஏறுவதற்குள் மேட்டை முடித்துவிட ஏழு மணிக்கே தொடங்கினோம். வீடுகள் நெருக்கமாக இருந்ததால் கருவியை நிறுத்த ஒரு வீட்டு வாசலைக் கேட்க வேண்டியிருந்தது. அந்த வீட்டுப் பெண் துணிக் கயிற்றை அவிழ்த்து இடம் விட்டாள். கொஞ்ச நேரத்தில் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். இஸ்மாயில் வாங்கிக் குடித்தார். எனக்கு நீட்டியபோது பாட்டில் இருக்கிறது என்றேன்.

"வெயிலு கடுசா இருக்குதுங்க. குடிங்க."

என்னை 'ங்க' போட்டுப் பேசினாள்.

திரும்பும் வழியில் இஸ்மாயில், அந்தம்மா உங்கள் சாடையில் இருக்கிறார்களே சார் என்றார். உங்களுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று சிரித்துவைத்தேன்.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை வேறு யாரும் படிக்கப்போவதில்லை. அவள் விசாலம். என் அக்கா. இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தோட்டத்துக்கு டிராக்டர் ஓட்ட வந்த குப்புராசோடு போனவள். அவன் வேறு சாதி ஆள். அப்பா மறுநாள் ஆற்றில் தலை முழுகிவிட்டு வந்து, எனக்கு இனி ஒரே பிள்ளை என்றார். அப்போது எனக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் அதே வாரம் நின்றுபோனது. அந்தப் பெண்ணின் பெயர் கௌரி. அதெல்லாம் பழைய கதை. பிறகு சாரதாவைப் பார்க்கப் போனபோது, மூத்தது ஒன்று இருந்தது, காய்ச்சலில் போய்விட்டது என்று அப்பா சொன்னார். சாரதாவுக்கு இன்றுவரை அதுதான் தெரியும்.

இந்த வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மே 10, வெள்ளி

வருவாய்த் துறையிலிருந்து குடும்பப் பட்டியல் வந்தது. ஒன்பதாம் வரிசை: குப்புராசு, 50. விசாலாட்சி, 46. தெய்வானை, 18, பாலிடெக்னிக், சிவில், மூன்றாம் ஆண்டு போகிறாள்.

தெய்வானை எங்கள் அம்மாவின் பெயர். யாரைக் கேட்டு வைத்தாள்?

மே 13, திங்கள்

அப்பா கட்டிலை விட்டு எழுந்திருப்பது குறைந்துவிட்டாலும் ஊர்ச் சேதி எல்லாம் அவர் காதுக்கு வந்துவிடுகிறது. சாயங்காலம் மருந்து போடப் போனபோது கேட்டார்.

"அந்தப் பொறம்போக்குல ஊடுக இருக்குதாமா?"

"பதினாலு இருக்குதுங்கப்பா."

"அந்தக் கழுதை ஊடும் அதுல வருதா?"

"வருதுங்க."

ஒரு இட்லியோடு நிறுத்துகிறவர் இன்று மூன்று சாப்பிட்டார். அப்பாவுக்கு ஜீரணம் தேவலையாகிவிட்டது என்று சாரதா சந்தோஷப்பட்டாள்.

மே 20, திங்கள்

இரண்டு விதமாகப் போட்டுப் பார்த்தேன்.

முதலாவதில் தெளிவுத் தொட்டி மேற்கு மேட்டின் மேல். அங்கிருந்து வடிகட்டி, பிறகு தரையடித் தொட்டி, வரிசையாக இறங்கும். பார்க்க அழகாக இருக்கிறது. பதினான்கு வீடுகளும் போகும்.

இரண்டாவதில் தெளிவுத் தொட்டி கிழக்குத் தரையில். தரை தாழ்வு என்பதால் தொட்டிச் சுவர் கொஞ்சம் உயர்ந்து நிற்கும், சுற்றி மண் அணைக்க வேண்டும். நீர் மட்டங்கள் மாறாது, பம்பும் மாறாது. ஆற்றின் உச்ச வெள்ள மட்டம் அந்தத் தரைக்கு இரண்டு மீட்டருக்கும் கீழே இருப்பதால் வெள்ளப் பயமும் இல்லை. ஒரு வீட்டையும் தொட வேண்டாம்.

மேலே இரண்டு படங்கள் போனால் ஆளாளுக்கு ஒரு கருத்துச் சொல்வார்கள், வேலை இழுக்கும். இரண்டாவதைக் கணினியிலிருந்து அழித்துவிட்டேன்.

மே 24, வெள்ளி

மண் எப்படி இருக்கிறது என்று பார்க்கத் துளையிடும் வண்டி வந்தது. நான்கு இடங்களில் துளை. எல்லாம் வீடுகளுக்கு வெளியே, மேட்டடியில். நான்கிலும் மண்தான். தொட்டி வரப்போவது மேட்டின் நடுவில்தானே சார், அங்கே ஒன்று போட வேண்டாமா என்று இஸ்மாயில் கேட்டார். வண்டி உள்ளே போக இரண்டு கூரைகளைப் பிரிக்க வேண்டும், இப்போதே கலவரம் எதற்கு, சுற்றியுள்ள நான்கை வைத்து நடுவைக் கணித்துக்கொள்ளலாம் என்றேன்.

விசாலம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னிடம் பேசவில்லை. இஸ்மாயிலிடம் சொன்னாள்.

"இங்க கடப்பாரை எறங்காதுங்க. அடியில பூராப் பாறை. கக்கூசுக்குக் குழி எடுக்க வந்த கெவர்மென்ட்டு ஆளுகளே ரெண்டு நாளாக் கொத்திப் பாத்துட்டுப் போயிட்டாங்க."

வீடு போகப்போகிறது என்றால் யாரும் எதையும் சொல்வார்கள்.

மே 31, வெள்ளி

படம் முக்கால்வாசி முடிந்தது. தலைவலி. பிரேக் வயர் மாற்றினேன்.

ஜூன் 10, திங்கள்

ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம். நம் துறை சார்பில் நான் போயிருந்தேன். மேட்டுச்சாளைக்காரர்கள் வருவார்கள், அழுவார்கள், வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

ஒரு பெண் மட்டும் வந்தாள். கையில் சுருட்டிய சார்ட் தாள். மேசையில் விரித்து நான்கு மூலையிலும் என் பொருட்களையே எடுத்து வைத்தாள்: ஸ்டாம்ப் பேட், தண்ணீர் பாட்டில், கண்ணாடிக் கூடு, செல்போன். பென்சிலில் போட்ட படம். நான் அழித்த இரண்டாவது படம் அது. தொட்டி கிழக்குத் தரையில்.

"வணக்கம் சார். நான் தெய்வானை. மேட்டுச்சாளை. சிவில் படிக்கறேன்."

நிறுத்தி நிதானமாக விளக்கினாள். வாய்க்கால் கரையில் பொதுப்பணித் துறை உயரம் குறித்து நட்ட மட்டக்கல்லை வைத்து, கல்லூரியில் இரவல் வாங்கிய கருவியால் தரை மட்டங்களை அவளே எடுத்திருக்கிறாள். என் அளவுக்கும் அவள் அளவுக்கும் மூன்று சென்டிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. மேட்டில் பாறை என்பதையும் எழுதியிருந்தாள். பிறகு, நான் கேட்காமலே, குளோரின் அறையைக் காட்டினாள். எங்கள் படத்தில் அது மேற்கு வாசலுக்குப் பக்கத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டாளாம்.

"ஆடியில எங்கூர்ல காத்து மேக்கால இருந்துதானுங்க சார் அடிக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து. வாசல்ல குளோரின் கசிஞ்சுதுன்னா வேலை செய்யற அத்தனை பேரு மேலயும் போகும். தென்கெழக்கு மூலையில வெச்சா ஆத்துப் பக்கம் போயிருமுங்க."

அதை நான் யோசித்திருக்கவில்லை.

மனுவை வாங்கிக்கொண்டு பரிசீலிக்கிறோம் என்றேன். படத்தைச் சுருட்டும்போது, யார் சொல்லி வந்தாய் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை, அம்மாவுக்குத் தெரியாது என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"மாமான்னு கூப்பிடக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்குதுங்க. அதான் சார்னு சொன்னேன்."

அடுத்த டோக்கன் எண்ணைச் சொல்லச் சொன்னேன்.

ஜூன் 12, புதன்

அவள் படத்தில் தப்புத் தேடினேன். இரண்டு மணி நேரம். ஒரு இடத்தில் குழாய் விட்டம் எழுத மறந்திருக்கிறாள். அவ்வளவுதான்.

எழுத்துகளின் வால்களை விசாலம் மாதிரியே இழுக்கிறாள். பத்தாவது வரை என் அறிவியல் நோட்டுப் படங்களெல்லாம் விசாலம் போட்டுத் தந்தவைதான்.

ஜூன் 14, வெள்ளி

மனுவுக்குப் பதில் அனுப்பினேன். நகல் இங்கேயும் இருக்கட்டும்.

'மனுதாரர் குறிப்பிடும் கிழக்குத் தரை, ஆற்றின் உச்ச வெள்ள மட்டத்துக்குக் கீழே அமைந்துள்ளது. நீர் மட்டங்கள் குறித்த அடிப்படைப் புரிதல் இல்லாமல் வரையப்பட்டுள்ள இப்படம் தொழில்நுட்ப ரீதியாகத் தவறானது என்பதால் ஏற்பதற்கில்லை. பொறியியல் தொடர்பான விஷயங்களில் தகுதியுள்ளவர்களின் முடிவுக்கு விட்டுவிடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.'

வெள்ளம் எந்த வருஷம் எவ்வளவு வரும் என்று யாருக்குத் தெரியும்? கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்வது பொறியாளரின் கடமை.

குளோரின் அறையைத் தென்கிழக்கு மூலைக்கு மாற்றினேன்.

ஜூன் 21, வெள்ளி

தலைமைப் பொறியாளர் முன்னிலையில் படத்தை வைத்தோம். தெற்கத்திக்காரர், அதிகம் பேசாதவர். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பேனாவைக் குளோரின் அறை மேல் வைத்தார்.

"இதை ஏன் இங்க கொண்டுபோனீங்க?"

ஆடி மாதக் காற்று, கணவாய், ஆற்றுப் பக்கம் என்று சொன்னேன். கூட்டத்தைப் பார்த்து, முப்பது வருஷத்தில் காற்றைப் பற்றிப் பேசிய முதல் ஆள் இவர்தான் என்றார். என் பெயரை எழுதி வைத்துக்கொண்டார். தலைமை அலுவலக வடிவமைப்புப் பிரிவுக்கு இந்த மாதிரி ஆட்கள்தான் வேண்டும் என்றார்.

படம் ஒப்புதல் ஆயிற்று. ஜெயசீலன் சார் எல்லோருக்கும் பாதாம் பால் வாங்கிக் கொடுத்தார்.

ஜூன் 23, ஞாயிறு

விசாலம் வீட்டுக்கு வந்தாள். காலை பத்து மணி. கேட்டுக்கு வெளியே நின்றாள், கதவில் கை வைக்கவில்லை. நான் போய் உள்பக்கமாக நின்றேன்.

மேட்டுச்சாளையில் யாரும் அவளோடு பேசுவதில்லையாம். முதலில், உன் தம்பிதானே எஞ்சினீயர், நம் வீடுகளுக்கு ஒன்றும் ஆகாது என்று அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருக்கிறார்கள். எனக்கு அவன் தம்பி இல்லை என்று அவள் சொன்னதை யாரும் கேட்கவில்லை. இந்த மாதத் தொடக்கத்தில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியதும், உன் மேல் இருக்கிற ஆத்திரத்தில்தான் எங்கள் வீடுகளும் போகின்றன என்கிறார்கள். அவள் பிடித்த குழாயில் மற்றவர்கள் தண்ணீர் பிடிக்காமல் போகிறார்களாம். இதையெல்லாம் குறை சொல்கிற மாதிரி இல்லாமல், வழி கேட்டவனுக்கு வழி சொல்கிற மாதிரி சொன்னாள்.

"ஊட்டை விடச் சொல்லிக் கேக்க வல்லீடா லோகு. புள்ளைக்கு இன்னும் ஒரே வருசம் இருக்குது. ஏப்ரல் வரைக்கும் தள்ளி வெக்க முடியுமா?"

அரசு வேலை, என் கையில் எதுவும் இல்லை என்றேன்.

"முடியாதுன்னா சரி. முடிஞ்சும் செய்யலீன்னா அதையாச்சும் சொல்லீரு. பதிமூணு ஊட்டுக்கு நான் பதில் சொல்லோணும்."

உள்ளே கட்டிலிலிருந்து அப்பா, யாரு அது என்று கேட்டார். மனுக் கொடுக்க வந்தவங்கப்பா என்றேன். அவளுக்குக் கேட்டது. அப்பாவின் குரல் வந்த ஜன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்பாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன். போய்விட்டாள்.

யாருங்க என்று சாரதா கேட்டாள். அவளுக்கும் அதையே சொன்னேன்.

மதியம் கோழிக் குழம்பு.

ஜூலை 19, வெள்ளி

ஒன்றுமில்லை. காற்று.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

வீடுகளை எடுத்தார்கள். எல்லைக்கல் காட்ட நான் இருக்க வேண்டியிருந்தது. மாற்று இடம் பதினொரு கிலோமீட்டர் தள்ளி, கருவேலங்காட்டுக்குள். சாமான்களை ஏற்ற இரண்டு லாரிகள். காலை எட்டுக்குத் தொடங்கி மதியம் ஒன்றரைக்கு முடிந்தது. நான் நினைத்ததைவிடச் சீக்கிரம்.

யாரும் மண்ணை வாரித் தூற்றவில்லை. லாரியில் ஏறும்போது ஒரு கிழவர் விசாலத்தைப் பார்த்துக் காறித் துப்பினார். அவள் புடவையின் கீழ்ப் பக்கத்தில் விழுந்தது. அவள் துடைக்காமல் இரண்டாவது லாரியில் ஏறினாள். குப்புராசு என்னைப் பார்த்துக் கும்பிட்டான். பழைய பழக்கம்.

அந்தப் பெண்ணைக் காணவில்லை. கல்லூரிக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

அப்பா பார்க்க வேண்டும் என்றார். இரண்டு பேராகத் தூக்கிக் காரில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். வீட்டை விட்டு வெளியே வந்து எட்டு மாதமாயிற்று. மேட்டுக்குக் கீழே வண்டியை நிறுத்தி ஜன்னலை இறக்கினேன்.

"அது எது?"

"எல்லாம் ஒண்ணாட்டம் ஆயிருச்சுங்கப்பா. தெரியல."

"தெரியாம எப்படிப் போகும்? நீதான அளந்த?"

இறங்கிப் போய் செங்கல் குவியல்களுக்கு நடுவே நின்று, ஒன்பதாவது வீடு இருந்திருக்கக்கூடிய இடத்தைக் கையால் காட்டினேன். சரியான இடம்தானா என்று தெரியாது. அப்பா அதைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். திரும்பும் வழியில் இளநீர் கேட்டார்.

செப்டம்பர் 5, வியாழன்

தெளிவுத் தொட்டிக்குத் தோண்ட ஆரம்பித்தார்கள். முக்கால் மீட்டரில் பாறை. பொக்லைன் பல் இரண்டு உடைந்தது. நூறு மீட்டர் தள்ளித் தோண்டச் சொன்னேன். அங்கே அரை மீட்டரில் பாறை.

செப்டம்பர் 10, செவ்வாய்

மேடு முழுக்க ஒரே பாறை. தொட்டியின் அடிக்குழி ஐந்து மீட்டர் இறங்க வேண்டும். வெடி வைக்கலாமா என்று கேட்டதற்குப் பொதுப்பணித் துறை, பக்கத்தில் பழைய அணைக்கட்டு இருக்கிறது, ஒரு குச்சி வெடிகூடக் கூடாது என்று எழுதிவிட்டது. தொட்டியை மேலே தூக்கினால் பம்பு மாற வேண்டும். பம்புக்கு ஆர்டர் போய்விட்டது.

ஜெயசீலன் சார் அறைக்குள் கூப்பிட்டார். கதவைச் சாத்தாமலே கத்தினார். மேட்டின் நடுவில் ஏன் ஒரு துளைகூடப் போடவில்லை?

குடியிருந்தவர்கள் வண்டியை உள்ளே விடவில்லை சார், தகராறு செய்தார்கள் என்றேன். அப்படியே எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். சாட்சியாக இஸ்மாயிலும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. இஸ்மாயில் தாளைப் படித்தார், பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அந்தம்மா பாறைன்னு சொன்னப்போ நானும் அங்கதான் சார் நின்னேன்."

வேறு ஒருவரிடம் கையெழுத்து வாங்கினேன்.

செப்டம்பர் 18, புதன்

புதிய படத்தை ஒரே நாளில் முடித்துவிட்டேன். தெளிவுத் தொட்டி கிழக்குத் தரையில். தலைமைப் பொறியாளர் தொலைபேசியில், இவ்வளவு சீக்கிரம் எப்படி என்று ஆச்சரியப்பட்டார். சட்டப்படி வெள்ள மட்டத்தைப் படத்தில் குறிக்க வேண்டும், குறித்தேன்.

மேட்டை என்ன செய்வது என்று கேட்டேன். எந்தக் கட்டடமும் அங்கே நிற்காது. பார்வையாளர்கள் வருவார்கள், பச்சையாக ஏதாவது வைத்துவிடுங்கள் என்றார். பச்சைக் கோடு போட்டு 'புல்தரை' என்று எழுதினேன். பதினான்கு வீடுகள் இருந்த இடத்துக்கு ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

செப்டம்பர் 26, வியாழன்

இஸ்மாயில் வேறு கோட்டத்துக்கு மாறுதல் கேட்டு வாங்கிக்கொண்டார். போகும்போது ஒரு சேதி சொன்னார். நான் கேட்கவில்லை. அந்தப் பெண் கல்லூரியை விட்டுவிட்டு நூல் மில்லில் சேர்ந்திருக்கிறாளாம். ஜூலையிலேயே. விசாலம் தெருக் கோடியில் தனியாகக் கொட்டகை போட்டிருக்கிறாளாம், மற்றவர்கள் அவளைப் பக்கத்தில் விடவில்லையாம்.

பதினொரு கிலோமீட்டர், பஸ் இருந்திருக்காது. அதனால்தான் விட்டிருப்பாள் என்றேன்.

இஸ்மாயில், ஜூலையில் அவர்கள் இன்னும் மேட்டில்தானே சார் இருந்தார்கள் என்றார்.

அக்டோபர் 15, செவ்வாய்

தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. சுத்திகரிப்பு நிலையத்தின் திருத்திய வரைபட நகல் வேண்டும். மனுதாரர் கு. தெய்வானை. மறுக்க வழியில்லை என்று அலுவலகக் கண்காணிப்பாளர் சொன்னார்.

நவம்பர் 11, திங்கள்

வந்தாள். மில்லில் வார விடுப்பு நாளாம். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. முன்பிருந்ததைவிட இளைத்திருக்கிறாள். நகலை என் மேசையிலேயே விரித்துப் பார்த்தாள். இந்த முறை என் பொருட்களைத் தொடவில்லை, ஒரு கையால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் போட்ட எடத்துலயே வந்திருக்குதுங்க."

பாறை வந்ததால் சூழ்நிலை மாறிவிட்டது என்றேன்.

"அப்போ நான் போட்டது தப்பில்லீங்களா?"

அன்றைய நிலைமையில் தப்புதான் என்றேன். தலையை ஆட்டினாள். பையிலிருந்து என் ஜூன் மாதக் கடிதத்தை எடுத்தாள். மடிப்புகளில் கிழிந்து, செல்லோடேப் ஒட்டியிருந்தது. அதைப் படத்தின் மேல் வைத்தாள்.

"இதுல வெள்ள மட்டத்துக்குக் கீழதான் தரை இருக்குதுன்னு எழுதியிருக்கீங்க. படத்துல வெள்ளம் தரைக்கு ரெண்டு மீட்டர் கீழ போட்டிருக்கீங்க. ரெண்டுலயும் உங்க கையெழுத்துதானுங்க சார்."

தட்டச்சில் தப்பு நேர்ந்திருக்கும் என்றேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் ஆளைக் கூப்பிட்டிருப்பேன்.

"இந்தக் கடுதாசி வந்த பொறகுதான் சார் நான் படிப்பை விட்டேன். எனக்கு அடிப்படையே தெரியலைன்னு பெரிய எஞ்சினீயரு எழுதியிருக்கறாரு, வராத படிப்புக்கு எதுக்கு அப்பன் ஆத்தாளைச் செலவு பண்ண வெக்கோணும்னு நெனச்சேன். அஞ்சு மாசமா எங்க தப்புப் பண்ணுனேன்னு தேடிட்டு இருந்தேனுங்க. மில்லுல மெசினு பக்கத்துல நின்னுட்டும் மனசுக்குள்ள அந்த மட்டத்தையே கூட்டிக் கழிச்சிட்டு இருந்தேன்."

எனக்குப் பின்னால் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கடிதத்தின் ஓரம் படபடத்தது. அவள் விரலால் அழுத்திக்கொண்டாள்.

"என்னோட படம் சரிதான்னு ஒரே வரி எழுதிக் குடுங்க சார். கேஸெல்லாம் போட மாட்டேன். ஊட்டைத் திரும்பக் கேக்க மாட்டேன். யாருக்கும் காட்டக்கூட மாட்டேனுங்க. காலேஜுல திரும்பச் சேத்துக்கறாங்களான்னு போயிக் கேக்கறதுக்கு எனக்குத் தெம்பு வேணும். அவ்வளவுதான்."

ஒரு வரி. அதை எழுத ஒரு நிமிஷம்கூட ஆகாது. லெட்டர் பேடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பேனாவைத் திறந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

எழுதினால் ஜூன் மாதக் கடிதமும் இதுவும் சேர்ந்து எனக்கு எதிரான சாட்சி ஆகிவிடும். நாளைக் காலை பத்து மணிக்கு வா, பார்க்கலாம் என்றேன்.

நாளைக்கு லீவு சொல்ல வேண்டும், ஒரு நாள் லீவுக்கு மூன்று நாள் சம்பளம் பிடிப்பார்கள், பரவாயில்லை, வருகிறேன் என்றாள். நன்றி சொன்னாள். முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அப்போது அவள் அம்மாவைப் போல இல்லை, எங்கள் அம்மாவைப் போல இருந்தாள்.

நவம்பர் 12, செவ்வாய்

காலை ஒன்பதரைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து மாறுதல் உத்தரவு. வடிவமைப்புப் பிரிவு, சென்னை. வியாழக்கிழமைக்குள் சேர வேண்டும். இன்று மதியமே பொறுப்பை ஒப்படைக்கலாம் என்று ஜெயசீலன் சார் சொன்னார். கைகொடுத்தார்.

அவள் பத்து மணிக்கு முன்பே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடித் தடுப்பு வழியாகத் தெரிந்தாள். எண்ணெய் வைத்துத் தலை வாரியிருந்தாள், நல்ல சுடிதார். மடியில் அந்தப் பை.

கோப்புகளைப் பட்டியலிட்டேன். நாற்பத்தொன்று. அவள் மனுவையும் கடைசி எண்ணாகச் சேர்த்தேன், எதிரே 'முடிக்கப்பட்டது' என்று எழுதினேன். பன்னிரண்டரைக்கு எல்லோரும் சேர்ந்து பிரியாணி வரவழைத்தார்கள். மாலை போட்டார்கள். கைதட்டல் வராந்தாவரை கேட்டிருக்கும். அலுவலக உதவியாளர் வந்து, அந்தப் பொண்ணு காலையிலிருந்து உட்கார்ந்திருக்குதுங்க, சாப்பிடவும் போகல, என்ன சொல்ல என்று கேட்டார்.

"சார் கூப்பிடுவாருன்னு சொல்லி இருக்கச் சொல்லுங்க" என்றேன்.

மூன்று மணிக்கு ஒரு முறை எட்டிப் பார்த்தேன். நிமிர்ந்து உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றாள், பிறகு உட்கார்ந்தாள்.

நாலரைக்கு ஜெராக்ஸ் அறைக்குப் பின்னால் இருக்கும் படி வழியாக இறங்கிவிட்டேன்.